தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்ப மையப் பராமரிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவில் குடும்ப மையப் பராமரிப்பு என்பது, உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள நோயாளியோடு அவருடைய குடும்பத்தினரையும் கவனிப்புக்கு உரியவர்களாகவும் கவனிப்பில் பங்கேற்பவர்களாகவும் கொள்ளும் செவிலிய, மருத்துவ அணுகுமுறை ஆகும். குடும்பத்தினரை வெறும் பார்வையாளராகக் கருதாமல், நோயாளியின் நிலை பற்றிய தகவலைப் பெறுவோராகவும், நோயாளியின் விருப்பத்தை எடுத்துரைப்போராகவும், படுக்கையருகே சில பணிகளைச் செய்வோராகவும் இவ்வணுகுமுறை ஏற்கிறது. இத்துறையின் அடிப்படை ஆய்வுகளுள் பல செவிலியர்களால் செய்யப்பட்டவை. அமெரிக்கச் செவிலியர்களான நான்சி மோல்ட்டர், ஜேன் லெஸ்கி, ஜூடி டேவிட்சன் ஆகியோரின் பணிகள் இவற்றுள் முதன்மையானவை.

இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையில் இவ்வணுகுமுறை முதலில் வேரூன்றியது. 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு இதற்கான செயல்பாட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வயதுவந்தோருக்கான பிரிவுகளில் இது இன்னும் பரவலாகவில்லை. தென்காசி, குற்றாலம் போன்ற, பெரிய மருத்துவமனைகளிலிருந்து தொலைவில் உள்ள பகுதிகளில் இவ்வணுகுமுறையின் தேவை தனித்தன்மை உடையது. அதுபற்றித் தனிப்பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

வரையறை

இங்கு குடும்பம் என்பது இரத்த உறவையோ திருமண உறவையோ மட்டும் குறிப்பதன்று. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, யார் தம் குடும்பத்தினர் என்பதை நோயாளியே வரையறுக்கிறார். நோயாளி சிறுவராகவோ முடிவெடுக்க இயலாத நிலையிலோ இருந்தால், அவர் சார்பில் முடிவெடுப்பவர் அதை வரையறுக்கிறார். நோயாளிக்கு ஆதரவாக இருப்பவரும் அவரோடு குறிப்பிடத்தக்க உறவு கொண்டவரும் இவ்வரையறைக்குள் அடங்குவர். எனவே நண்பர், அண்டை வீட்டார், நெடுநாள் உடன் பணியாற்றியவர் ஆகியோரும் குடும்பத்தினர் ஆகலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இவ்வரையறை முக்கியத்துவம் பெறுகிறது. செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்கப்பட்டவரும், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரும் தமக்காகப் பேச இயலாதவர்கள். அவர்களின் பழைய நோய்கள், உட்கொண்ட மருந்துகள், ஒவ்வாமைகள், விருப்பு வெறுப்புகள் ஆகியவற்றை அறிந்தவர் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினரே.

வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவின் தோற்றம்

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்கேகனில் இளம்பிள்ளை வாதம் பெருமளவில் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகளின் மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திக் கையால் காற்றைச் செலுத்தும் முறையை மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன் அங்கு அறிமுகப்படுத்தினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் காற்றுப் பையை அழுத்தினர். இப்பட்டறிவின் பயனாக 1953இல் அந்நகரில் இப்சன் தொடங்கிய பிரிவு, உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னர் உலகெங்கும் உருவான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கருவிகளையும் இடையறாத கண்காணிப்பையும் மையமாகக் கொண்டு அமைந்தன. தொற்று பரவும், பணிக்கு இடையூறு நேரும், நோயாளியின் ஓய்வு கெடும் என்னும் மூன்று காரணங்களைக் காட்டி உறவினர் வருகை நாளொன்றுக்குச் சில நிமிடங்களாகச் சுருக்கப்பட்டது. இக்காரணங்கள் நெடுங்காலம் ஆய்வுக்கு உட்படுத்தப்படாமலே ஏற்கப்பட்டு வந்தன.

குழந்தைகள் மருத்துவமனைகள்

மருத்துவமனையில் குடும்பத்தினர் உடனிருப்பது பற்றிய விவாதம் முதலில் குழந்தைகள் தொடர்பாகவே எழுந்தது. 1952இல் பிரித்தானியாவின் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் துயரத்தைக் காட்டும் ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். 1959இல் வெளியான பிளாட் அறிக்கை, குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க இசைவளிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. வயதுவந்த நோயாளிகளின் குடும்பத்தினர் பற்றிய கேள்வி இதற்கு இருபது ஆண்டுகள் கழித்தே முறையாக ஆராயப்பட்டது.

இந்திய முன்னோடி முயற்சிகள்

இந்தியாவில் குடும்பத்தைச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்த முன்னோடிகள் மனநல மருத்துவர்கள் ஆவர். 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்துப் பராமரிப்பில் ஈடுபடுத்தினார். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும், 1957இல் அது தொடங்கியது முதல், நோயாளியுடன் உறவினர் தங்கியிருக்கும் முறை கையாளப்பட்டது. மருத்துவப் பணியாளர்கள் போதாத நாட்டில் குடும்பத்தை ஒரு வலிமையாகக் கொள்ளலாம் என்பதை இம்முயற்சிகள் காட்டின. எனினும் இவ்வெண்ணம் பின்னாளில் உருவான தீவிர சிகிச்சைப் பிரிவுகளை எட்டவில்லை.

செவிலியர் ஆய்வுகள்

நான்சி மோல்ட்டரின் ஆய்வு

1979இல் நான்சி மோல்ட்டர், கடும் நோயுற்றோரின் உறவினர்களுக்கு உள்ள தேவைகள் பற்றிய ஆய்வினை இதய, நுரையீரல் நோய் இதழ் ஒன்றில் வெளியிட்டார். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளிவந்த பின்னர், அவர்களின் உறவினர் 40 பேரிடம் 45 தேவைகள் அடங்கிய பட்டியலை அளித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியமானது என்று அவர் கேட்டறிந்தார்.

பட்டியலில் முதலிடம் பெற்றது நம்பிக்கை இருக்கிறது என்று உணரும் தேவை. மருத்துவமனைப் பணியாளர்கள் நோயாளியின் மீது அக்கறை கொண்டுள்ளனர் என்று உணர்தல், நோயாளிக்கு அருகிலேயே காத்திருப்பு அறை இருத்தல், நிலைமை மாறினால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லுதல், நோயின் போக்கை அறிதல், கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைத்தல் ஆகியவையும் உயர்ந்த இடங்களைப் பெற்றன. தங்களுடைய சொந்த வசதிகளை உறவினர்கள் பட்டியலின் அடியிலேயே வைத்தனர். பணியாளர்கள் தங்கள் மீதும் அக்கறை காட்ட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பதையும் மோல்ட்டர் பதிவு செய்தார்.

இவ்வாய்வு சிறியது. ஆயினும், உறவினர்களுக்கு எது தேவை என்பதைப் பணியாளர்கள் ஊகித்துக்கொள்ளாமல் உறவினர்களிடமே கேட்டறிய வேண்டும் என்ற நிலைப்பாட்டை இது தொடங்கிவைத்தது. முதலிடம் பெற்ற தேவைகளுள் பெரும்பாலானவை கருவியோ பெருஞ்செலவோ வேண்டாதவை என்பதும் கவனிக்கத்தக்கது.

குடும்பத் தேவைப் பட்டியல்

மோல்ட்டரும் ஜேன் லெஸ்கியும் இப்பட்டியலை 1983இல் ஓர் அளவீட்டுக் கருவியாக அமைத்தனர். இதில் உள்ள 45 கூற்றுகளுக்கும் முக்கியமற்றது என்பது முதல் மிக முக்கியமானது என்பது வரை நான்கு படிநிலைகளில் விடையளிக்க வேண்டும். 1986இல் லெஸ்கி 55 குடும்பத்தினரிடம் தொடராய்வு செய்தார். 1991இல், பல ஆய்வுகளில் பங்கேற்ற 677 குடும்பத்தினரின் விடைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, அத்தேவைகளை ஐந்து வகைகளாகப் பகுத்தார். அவை பின்வருமாறு:

- உறுதி: நேர்மையான விடையும், இயன்ற அளவு சிறந்த கவனிப்பு அளிக்கப்படுகிறது என்ற நம்பிக்கையும்
- அண்மை: நோயாளியைக் காணவும் அருகில் இருக்கவும் இயலுதல்
- தகவல்: என்ன செய்யப்படுகிறது, ஏன் செய்யப்படுகிறது என்பதை அறிதல்
- ஆதரவு: அச்சத்தையும் துயரையும் பகிர்ந்துகொள்ள ஆள் இருத்தல்
- வசதி: உட்கார இடம், கழிப்பறை, உணவு, தொலைபேசி முதலியன

இக்கருவி பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டுள்ளது. நாடும் மொழியும் மாறினாலும் உறுதி, அண்மை, தகவல் ஆகிய மூன்றும் முன்னிற்பதும் ஆதரவும் வசதியும் பின்னிற்பதும் பெரும்பாலான ஆய்வுகளில் காணப்படுகிறது.

ஜூடி டேவிட்சனின் பணிகள்

கலிபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த செவிலிய ஆய்வாளர் ஜூடி டேவிட்சன், இவ்வாய்வுகளை நடைமுறை நெறிகளாக மாற்றியவர்களுள் முதன்மையானவர். அவர் தலைமையில் தீவிர சிகிச்சைக் கழகத்தின் குழு தயாரித்து 2007இல் வெளியான வழிகாட்டு நெறிகள் 43 பரிந்துரைகளைக் கொண்டிருந்தன. மருத்துவரும் குடும்பமும் கூடி முடிவெடுத்தல், தொடக்கத்திலேயே குடும்பக் கூட்டம் நடத்தி அதைத் திரும்பத் திரும்ப நடத்துதல், தளர்வான வருகை நேரம், மருத்துவர் சுற்றின்போது குடும்பத்தினர் உடனிருத்தல், சமய ஆதரவு, எளிதில் விளங்கும் வழிகாட்டிப் பலகைகள், இறப்புக்கு முன்னும் பின்னும் ஆதரவு ஆகியன அவற்றுள் அடங்கும்.

2010இல் டேவிட்சன், பொருளுணரத் துணைபுரிதல் என்று பொருள்படும் ஒரு செவிலியக் கோட்பாட்டினை முன்வைத்தார். இது செவிலியவியலாளர் காலிஸ்டா ராயின் தகவமைவு மாதிரியையும், அமைப்பியல் அறிஞர் கார்ல் வைக்கின் பொருளுணர்தல் கருத்தையும் அடிப்படையாகக் கொண்டது. இக்கோட்பாட்டின்படி, நோயாளி திடீரென்று தீவிர சிகிச்சைக்கு உள்ளாகும்போது குடும்பத்தினர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இனித் தமது பங்கு என்ன என்பதையும் கண்டறிய வேண்டும். கணினித்திரையில் ஓடும் எண்கள் எவற்றைக் குறிக்கின்றன, எந்த ஒலி அபாயத்தைக் காட்டுவது, எந்த ஒலி இயல்பானது என்பனவற்றை விளக்குவதும், படுக்கையருகே செய்யத்தக்க பணிகளைக் காட்டிக்கொடுப்பதும் செவிலியரின் கடமைகளுள் அடங்கும் என்று இக்கோட்பாடு கூறுகிறது.

2017இல் டேவிட்சன் தலைமையில் வெளியான இரண்டாவது வழிகாட்டு நெறிகள் பச்சிளங்குழந்தைகள், சிறுவர், வயதுவந்தோர் ஆகிய மூன்று வகைப் பிரிவுகளுக்கும் பொதுவாக அமைந்தன. இவற்றில் 23 பரிந்துரைகள் இருந்தன. சான்றுகளின் தரம் குறைவாக இருந்தமையால் அவை அனைத்தும் வலுக்குறைந்த பரிந்துரைகள் என்றே குறிக்கப்பட்டன. வயதுவந்தோர் பிரிவுகளுக்கான புதிய நெறிகளை இக்கழகம் 2025இல் வெளியிட்டது.

குடும்பத்தினருக்கு நேரும் பின்விளைவுகள்

தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர்களிடம் உடற்சோர்வு, நினைவாற்றல் குறைவு, மனச்சோர்வு முதலியன நீண்டகாலம் நிலைப்பதுண்டு. இத்தொகுதி தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது. இதே போன்ற மனநலப் பாதிப்பு குடும்பத்தினரிடமும் காணப்படுவதை 2012இல் டேவிட்சன், கிறிஸ்டினா ஜோன்ஸ், ஜோசப் பியன்வெனு ஆகியோர் தனிப் பெயரிட்டு விளக்கினர். பதற்றம், மனச்சோர்வு, பேரதிர்ச்சிக்குப் பின்னான மன உளைச்சல், நீடித்த துயரம் ஆகியவை இதன் கூறுகள்.

பிரான்சின் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 284 குடும்பத்தினரிடம் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், நோயாளி பிரிவிலிருந்து வெளியேறிய அல்லது இறந்த மூன்று மாதங்களுக்குப் பின்னரும் 33 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சி உளைச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. தமக்குக் கிடைத்த தகவல் முழுமையற்றது என்று கருதியவர்களிடம் இது 48 விழுக்காடாகவும், இறுதிக்கட்ட முடிவுகளில் பங்கேற்றவர்களிடம் 82 விழுக்காடாகவும் இருந்தது. முடிவெடுக்கும் பொறுப்பைக் குடும்பத்தினரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிநிற்பது அவர்களுக்கு உதவுவதாகாது என்பதற்கு இவ்வாய்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

முதன்மைக் கூறுகள்

வருகை நேரத்தைத் தளர்த்துதல்

குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும் வருகை என்பதற்கு மாறாக, நாளின் பெரும்பகுதி ஒருவரேனும் உடனிருக்க இசைவளித்தல் இதன் முதற்கூறு ஆகும். வருவோர் கைகளைக் கழுவுதலும் தொற்றுநோய் உள்ளோர் தவிர்த்தலும் கட்டாயம்.

குடும்பக் கூட்டம்

மருத்துவரும் செவிலியரும் குடும்பத்தினரும் அமர்ந்து பேசும் முன்னேற்பாடான சந்திப்பு இது. தாழ்வாரத்தில் நின்றவாறே இரண்டு சொற்களில் நிலைமையைக் கூறுவதிலிருந்து இது வேறுபட்டது. பிரான்சின் 22 பிரிவுகளில் நிகழ்ந்து 2007இல் வெளியான ஆய்வில், இறக்கும் நிலையில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முறைப்படுத்திய கூட்டமும் கையேடும் பெற்ற குழுவில் கூட்டம் 30 நிமிடங்களும் வழக்கமான குழுவில் 20 நிமிடங்களும் நீடித்தன. குடும்பத்தினர் பேசிய நேரம் முதற்குழுவில் 14 நிமிடங்கள், மற்றதில் 5 நிமிடங்கள். மூன்று மாதங்களுக்குப் பின் பேரதிர்ச்சி அறிகுறிகள் முதற்குழுவில் 45 விழுக்காட்டினரிடமும் மற்றதில் 69 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன.

படுக்கையருகே பணிகள்

செவிலியரின் மேற்பார்வையில் முகம் துடைத்தல், உதடுகளை ஈரப்படுத்துதல், கைகால்களை மெல்ல நீவுதல், பெயர் சொல்லி அழைத்துப் பேசுதல், நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், கண்ணாடியையும் செவிக்கருவியையும் அணிவித்தல் முதலியவற்றைக் குடும்பத்தினர் செய்யலாம். குழாய்கள், மருந்துச் செலுத்திகள், கருவியின் அமைவுகள் ஆகியவை அவர்கள் தொடக்கூடாதவை.

நாட்குறிப்பு

நோயாளி நினைவிழந்திருக்கும் நாட்களில் நிகழ்ந்தவற்றைச் செவிலியரும் குடும்பத்தினரும் எளிய மொழியில் எழுதிவைக்கும் ஏடு இது. ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வில், ஏட்டைப் பெற்ற நோயாளிகளிடம் பேரதிர்ச்சி உளைச்சல் 5 விழுக்காடாகவும் பெறாதவர்களிடம் 13 விழுக்காடாகவும் இருந்தது. 2019இல் வெளியான பெரிய பிரெஞ்சு ஆய்வு குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை.

உயிர்மீட்பின்போது உடனிருத்தல்

நின்ற இதயத்தை மீண்டும் இயக்க மார்பை அழுத்தும் வேளையில் உறவினரை வெளியேற்றுவது வழக்கம். 2013இல் பிரான்சில் வெளியான ஆய்வு ஒன்றில், வீடுகளில் அவசர ஊர்திக் குழுவினர் உயிர்மீட்பு செய்தபோது உடனிருக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்ட உறவினர்களிடம் பின்னாளில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. மருத்துவப் பணிக்கு இடையூறு நேரவில்லை. உடனிருப்பது விருப்பத்துக்கு உரியது. ஒருபோதும் கட்டாயம் அன்று. உறவினருக்கு விளக்கம் கூற ஒரு பணியாளர் அருகில் இருத்தல் வேண்டும்.

சான்றுகளும் ஐயங்களும்

இவ்வணுகுமுறையின் பயன்கள் பற்றிய ஆய்வுகள் ஒரே திசையில் முடிவு காட்டவில்லை. பிரேசிலின் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை குடும்பத்தினர் உடனிருக்க இசைவளித்த ஆய்வு 2019இல் வெளியானது. நோயாளிகளின் மனக்குழப்ப நிலை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. தளர்வான முறையில் அது 18.9 விழுக்காடாகவும் கட்டுப்பாடான முறையில் 20.1 விழுக்காடாகவும் இருந்தது. தொற்றும் பணியாளர்களின் சோர்வும் கூடவில்லை. குடும்பத்தினரின் பதற்றம் குறைந்தது. வருகையைத் தளர்த்தினால் தொற்று பெருகும் என்ற நெடுநாளைய அச்சத்துக்கு இவ்வாய்வு ஆதரவு தரவில்லை.

அமெரிக்காவின் பிட்சுபர்க்கில் ஐந்து பிரிவுகளில் 1420 நோயாளிகளை உள்ளடக்கி 2018இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நாள்தோறும் குடும்பத்தினரைச் சந்தித்துப் பேசினர். ஆறு மாதங்களுக்குப் பின் குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறையவில்லை. ஆனால் மருத்துவருடனான தொடர்பின் தரம் உயர்ந்தது. பிரிவில் தங்கும் சராசரிக் காலம் 7.4 நாட்களிலிருந்து 6.7 நாட்களாகக் குறைந்தது.

ஆகவே குடும்பத்தினர் உடனிருந்தால் வயதுவந்த நோயாளி விரைவில் குணமடைவார் என்று கூறுவதற்குப் போதிய சான்று இல்லை. அவர்களை விலக்கிவைப்பதற்குக் கூறப்பட்ட மருத்துவக் காரணங்களுக்கும் போதிய சான்று இல்லை.

இந்தியாவில்

பச்சிளங்குழந்தைகள் பிரிவுகள்

புது தில்லியின் ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்த்தி மரியாவின் குழு, நோயுற்ற பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கப் பெற்றோருக்கும் உடனிருப்போருக்கும் பயிற்சியளிக்கும் முறையை உருவாக்கியது. தூய்மை, கை கழுவுதல், அபாய அறிகுறிகளை அடையாளங்காணல், பால் ஊட்டுதல் ஆகியவை எளிய ஒலி, ஒளிக் காட்சிகள் மூலம் கற்பிக்கப்பட்டன. 295 குழந்தைகளை உள்ளடக்கிய ஒப்பீட்டாய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. பெற்றோர் பிரிவுக்குள் வந்ததால் கிருமித்தொற்று கூடவில்லை. வீடு திரும்பும் முன் தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகள் பயிற்சி பெற்ற குழுவில் 80.4 விழுக்காடாகவும் மற்றதில் 66.7 விழுக்காடாகவும் இருந்தனர்.

இப்பட்டறிவின் அடிப்படையில் இந்திய நலவாழ்வு, குடும்பநல அமைச்சகம் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான செயல்பாட்டு வழிகாட்டு நெறிகளை 2017இல் வெளியிட்டது. இவை அரசு மருத்துவமனைகளின் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகளுக்கு உரியவை.

2021இல் உலக நலவாழ்வு அமைப்பின் ஒருங்கிணைப்பில் நடைபெற்ற மற்றோர் ஆய்வு வெளியானது. இந்தியா, கானா, மலாவி, நைசீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் எடை குறைந்த 3211 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். இந்திய மையம் புது தில்லியின் சப்தர்சங் மருத்துவமனை ஆகும். குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு தொடங்கப்பட்டது. இதற்காகத் தாயின் படுக்கையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இடப்பட்டது. 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு இக்குழுவில் 12.0 விழுக்காடாகவும் வழக்கமான குழுவில் 15.7 விழுக்காடாகவும் இருந்தது. பயன் தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. குடும்பத்தில் ஒருவர் பிரிவுக்குள் இருப்பது உயிர் காக்கும் சிகிச்சையின் பகுதியாகவே அமைய முடியும் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

சட்ட நிலை

உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துதல் அல்லது தொடங்காதிருத்தல் குறித்த முடிவுகளில் குடும்பத்தினரின் பங்கு இந்தியாவில் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளால் வரையறுக்கப்பட்டது. 2011 மார்ச்சு 7 அன்று வழங்கப்பட்ட அருணா சான்பாக் வழக்கின் தீர்ப்பில், நினைவு திரும்பாத நிலையில் 1973 முதல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இருந்த அருணாவின் சார்பில் பேசும் உரிமை, அவரைப் பல்லாண்டு பேணிவந்த அம்மருத்துவமனைப் பணியாளர்களுக்கே உண்டு என்று நீதிமன்றம் கருதியது. அருணாவும் அங்கு செவிலியராகப் பணியாற்றியவர். அவர் 2015 மே 18 அன்று இறந்தார்.

2018 மார்ச்சு 9 அன்று உச்சநீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு ஏற்பளித்தது. அதன் நடைமுறை கடினமாக இருந்தமையால் 2023 சனவரி 24 அன்று அதனை எளிமைப்படுத்தியது. நடுவர் முன்னிலையில் கையொப்பமிடும் முறைக்கு மாற்றாக நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்று ஆனது. மேலும், 2024 சனவரியில் நடுவண் அரசின் நலவாழ்வுப் பணிகள் இயக்ககம் வெளியிட்ட நெறிகள், நோயாளியோ உறவினரோ மறுத்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கலாகாது என்று குறிப்பிட்டன.

தென்காசி, குற்றாலம் பகுதியில் இதன் பொருத்தம்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனை தென்காசி நகரில் உள்ளது. மாவட்டம் உருவானபோது அதனுள் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கவில்லை. மிக அருகில் உள்ளது 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆகும். பாளையங்கோட்டையில் உள்ள அதன் மருத்துவமனை தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரம் மருத்துவமனைகளை நாடுவோரும் உண்டு.

இத்தொலைவு, லெஸ்கி வகுத்த ஐந்து தேவைகளுள் அண்மை என்பதை நேரடியாகப் பாதிக்கிறது. கடும் நோயாளி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும்போது, உடன் செல்லும் ஒருவர் அல்லது இருவர் தவிர மற்ற குடும்பத்தினர் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். பீடி சுற்றுதல், வேளாண்மை போன்ற தொழில்களால் வாழும் குடும்பங்களில் உடனிருப்பவரின் ஒவ்வொரு நாளும் ஊதியம் இழந்த நாள் ஆகும். கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று பணியாற்றுவோர் பலர். அத்தகைய குடும்பங்களில் முடிவு சொல்ல வேண்டியவர் கடல்கடந்தும், காத்திருப்பவர் பாளையங்கோட்டையிலும் இருக்க நேர்கிறது. நாள்தோறும் குறித்த நேரத்தில் குடும்பம் தெரிந்தெடுத்த ஒருவருக்குத் தொலைபேசியில் நிலைமையைக் கூறும் முறை இத்தகைய குடும்பங்களுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

குற்றாலத்தின் நிலை வேறு வகையானது. ஆனி முதல் ஆவணி வரையிலான சாரல் காலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் முதலிய அருவிகளுக்குப் பெருந்திரளாகப் பயணிகள் வருகின்றனர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்வோர் செங்கோட்டை, புளியரை வழியாகச் செல்லும்போது இங்கு நீராடுகின்றனர். சாலை விபத்து, வழுக்கி விழுதல், மாரடைப்பு, திடீர் வெள்ளம் ஆகியவற்றால் இவர்கள் பாதிக்கப்படுவதுண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவர் ஒருவர் உயிரிழந்தார்.

இவ்வாறு சேர்க்கப்படும் நோயாளியின் குடும்பம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அவர்கள் வந்துசேரும் வரை மருத்துவமனை வாயிலில் நிற்பவர் வண்டி ஓட்டுநரோ, குருசாமியோ, ஒரே அறையில் தங்கிய நண்பரோ ஆவார். சட்டப்படி இசைவுக் கையொப்பமிட இவர்கள் உரியவர் அல்லர் எனினும், என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரம் நீரில் இருந்தார், என்ன மருந்து உட்கொள்பவர் என்பனவற்றை அறிந்தவர்கள் இவர்களே. 2017 வழிகாட்டு நெறிகளின் விரிந்த வரையறை இவர்களையும் கவனிப்பு வட்டத்துக்குள் கொண்டுவர இடந்தருகிறது. கேரளத்திலிருந்து வருவோரிடம் மலையாளத்தில் பேசக்கூடிய பணியாளர் ஒருவர் இருத்தலும் தகவல் என்னும் தேவையின் பகுதியே ஆகும்.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008இல் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 திசம்பரில் தொடங்கப்பட்டது. இத்திட்டங்கள் நோயாளி விரைந்து பிரிவை அடையவும், செலவு பற்றிய குடும்பத்தின் முதற்கவலை தணியவும் உதவுகின்றன.

நடைமுறைத் தடைகள்

தமிழ்நாட்டின் பொதுச் சிகிச்சைப் பிரிவுகளில் உடனிருப்பவர் என்பவர் நெடுங்காலமாகவே பராமரிப்பின் ஓர் அங்கம். உணவு ஊட்டுவதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும், மருந்து வாங்கி வருவதும் பெரும்பாலும் அவர் பணிகளே. நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டதும் அதே உடனிருப்பவர் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். எனவே குடும்பத்தின் பங்கேற்பு இங்கு புதிய கருத்தன்று. அதைப் பயிற்சியுடனும் வரம்புகளுடனும் பிரிவுக்குள் கொண்டுசெல்வதே புதியது.

இதற்குத் தடையாகக் கூறப்படுபவை:

- இடநெருக்கடி: படுக்கைகள் நெருக்கமாக இருப்பதால் உடனிருப்போர் அமர இடமின்மையும், பிற நோயாளிகளின் தனிமறைவு கெடுதலும்.
- செவிலியர் பற்றாக்குறை: செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது விரும்பத்தக்க அளவு. ஒருவரே பல நோயாளிகளைக் கவனிக்கும் இடத்தில் குடும்பத்துக்கு விளக்கம் கூற நேரம் கிடைப்பது அரிது.
- பாதுகாப்பு: நோயாளி இறக்கும்போது பணியாளர்கள் தாக்கப்படலாம் என்னும் அச்சம்.
- பணிச்சுரண்டல்: செவிலியர் இடங்களை நிரப்பாமல், அவர்களின் பணியைக் குடும்பத்தினர் மீது, குறிப்பாகப் பெண்கள் மீது, சுமத்துவதற்கு இவ்வணுகுமுறை பயன்பட்டுவிடலாம் என்னும் திறனாய்வு.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது கோட்பாட்டளவிலும் முக்கியமானது. குடும்ப மையப் பராமரிப்பில் குடும்பம் பணியாளருக்கு மாற்றாகக் கொள்ளப்படுவதில்லை. குடும்பத்தினர் செய்யும் பணிகள் அவர்கள் விருப்பத்துக்கு உட்பட்டவை. அவர்களுக்கு விளக்கம் அளிக்கவும் மேற்பார்வையிடவும் கூடுதல் செவிலியர் நேரம் தேவைப்படுகிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளின் கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உறவினர் வருகை நிறுத்தப்பட்டது அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பலர் உறவினரைக் காணாமலே இறந்தனர். செவிலியர் தம் கைப்பேசியில் காணொளி அழைப்பை ஏற்படுத்தித் தந்ததே பல குடும்பங்களுக்கு இறுதிச் சந்திப்பாக அமைந்தது. மோல்ட்டர் 1979இல் பட்டியலிட்ட தேவைகளுள் நிலைமை மாறினால் வீட்டுக்கு அழைத்துச் சொல்லுதல் என்பது, அக்காலத்தில் குடும்பத்தினருக்கும் நோயாளிக்கும் இடையே எஞ்சிய தொடர்புகளுள் ஒன்றாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

- செவிலியம்
- தீவிர சிகிச்சைப் பிரிவு
- கங்காரு தாய் பராமரிப்பு
- நோய்த்தணிப்புப் பராமரிப்பு
- தென்காசி மாவட்டம்
- குற்றாலம்